பீரங்கி போட்ட எல்லைக்கோடு... பிச்சாவரம் இருளர்களிடம் தீராத கணக்கு!

கடலூரில் யாரிடமாவது 'குண்டு சாலை' எங்கே என்று கேட்டால், உடனே கை நீட்டி வழி சொல்வார்கள். நகரை ஒட்டி 'குண்டு உப்பலவாடி' என்று ஓர் ஊரும் இருக்கிறது. தினமும் பஸ்ஸிலும் டூ வீலரிலும் அந்தப் பெயர்களைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு, அந்தக் குண்டு எந்தக் குண்டு என்று தெரியாது.

அது பீரங்கிக் குண்டு. 300 ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணுக்கு எல்லைக்கோடு போட்ட குண்டு.

1690-ம் ஆண்டு. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருக்கிறார். மொகலாயப் படை நெருக்குகிறது. அவருக்குப் பணம் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ சோழமண்டலக் கரையில் சென்னைக்குத் தெற்கே ஒரு கோட்டை வேண்டும். தேவனாம்பட்டினத்தில் ஏற்கெனவே ஒரு சிறிய கோட்டை இருந்தது. பேரம் படிந்தது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது, அந்தக் காலத்துக்கே உரிய ஒரு கணக்கு சொல்லப்பட்டது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். நாலா பக்கமும் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்!

கம்பெனிக்காரர்கள் சும்மா விடுவார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுகிறவனின் சாமர்த்தியத்தில் இருக்கிறது என்று கடிதத்திலும் சூசகமாக எழுதினார்கள். செப்டம்பர் மாதத்தில் பீரங்கி வெடித்தது. குண்டு விழுந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. கோட்டைக்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

விற்றவருக்குப் பணம் கிடைத்தது. வாங்கியவருக்கு மண் கிடைத்தது. அந்த மண்ணில் உழுதவர்கள், மீன் பிடித்தவர்கள், புதர்க்காட்டில் எலியும் உடும்பும் பிடித்துப் பிழைத்தவர்கள் இந்த வியாபாரத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. காலையில் ஒரு ராஜாவின் குடிகளாக எழுந்தவர்கள், சத்தம் அடங்கியபோது ஒரு கம்பெனியின் குடிகளாக இருந்தார்கள். அவ்வளவுதான்.

கடலூரிலிருந்து அமெரிக்கா வரை

கோட்டையை வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பெயரைக் கேட்டதும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் ஞாபகம் வந்தால், அது சரிதான். அதே யேல்தான். பாஸ்டனில் பிறந்து, சென்னையில் பெரும் பணம் சேர்த்து, முறைகேட்டுப் புகார்களால் 1692-ல் பதவி இழந்து, பிறகு லண்டன் போய்ச் சேர்ந்தவர். 1718-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறிய கல்லூரிக்கு 9 பொதி சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பிவைத்தார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது.

அந்தக் கல்லூரி நிற்கும் நியூ ஹேவன் நகரத்துக்கும் ஒரு மண் கதை உண்டு. அது குவினிபியாக் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1638-ல் ஆங்கிலேயக் குடியேறிகள் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய நிலம் குடியேறிகளுக்குப் போனது. பூர்வகுடிகளுக்குக் கிழக்குக் கரையில் சுமார் 1,200 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. இங்கே பீரங்கி, அங்கே பேனா. இரண்டு இடத்திலும் எல்லையை வரைந்தவர்கள் ஒரே கூட்டத்தார்.

2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம், அடிமைமுறையோடு தனக்கிருந்த பழைய தொடர்புகளுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அதற்கு முன்பே, 2017-ல், தன் அருங்காட்சியகத்தில் இருந்த மொஹீகன் பழங்குடியினரின் பொருட்களை அந்த மக்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தது. ஆஸ்திரேலியா 2008-ல் நாடாளுமன்றத்திலேயே, பெற்றோரிடமிருந்து பிரித்துத் தூக்கிச் செல்லப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளின் தலைமுறைகளிடம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு கனடா, பூர்வகுடிப் பிள்ளைகளைக் கட்டாயமாக அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டது. அங்கே அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், செய்ய வேண்டியவை என்று 94 காரியங்களைப் பட்டியலிட்டது.

உலகம் இப்படிப் பழைய கணக்கைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, குண்டு விழுந்த மண்ணில் கணக்கு எப்படி இருக்கிறது?

'ஒருவேளை' என்று ஒரு விளையாட்டு

வரலாறு பிடித்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு விளையாட்டு நடக்கும். 'ஒருவேளை வெள்ளைக்காரன் வராமலே இருந்திருந்தால்?', 'ஒருவேளை ஹைதர் அலி ஜெயித்திருந்தால்?' என்று பேச்சு நீளும். இந்த விளையாட்டுக்கு கடலூர், சிதம்பரம் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தே போட்டார். 1781-ல் ஹைதர் அலியின் படை சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக்கி உட்கார்ந்திருந்தது. தாக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் தோற்றுத் திரும்பினார். சில நாட்களிலேயே, ஜூலை 1-ம் தேதி, பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதரை அவர் தோற்கடித்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய 'ஒருவேளை' 1783 ஜூனில் நடந்தது. கடலூர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. ஆங்கிலப் படை முற்றுகையிட்டு நின்றது. கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலக் கப்பல்களை விலகிப்போக வைத்துவிட்டார். கரையில் நின்ற ஆங்கிலப் படையின் நிலைமை மோசம். அந்த நேரத்தில் ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்தது: ஐரோப்பாவில் இரண்டு நாடுகளும் சமாதானம் பேசி, ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டன! ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன சண்டைக்காகக் கடலூரில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பீரங்கிகள் ஓய்ந்தன. பிறகு கடலூர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

ஒருவேளை அந்தக் கப்பல் இன்னும் ஒரு மாதம் தாமதமாக வந்திருந்தால்? கடலூரும் புதுச்சேரி மாதிரி பிரெஞ்சு ஊராகியிருக்கலாம். தெருக்களுக்கு வேறு பெயர் வந்திருக்கும். கோர்ட்டில் வேறு சட்டம் நடந்திருக்கும்.

ஆனால் புதர்க்காட்டில் இருந்தவர்களுக்கு என்ன மாறியிருக்கும்? இதற்குக் கற்பனையே தேவையில்லை. பக்கத்தில் புதுச்சேரி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு பகுதிகளில் வாழும் அதே இருளர் மக்கள் புதுச்சேரியிலும் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். புதுச்சேரியிலோ பழங்குடிப் பட்டியல் என்று ஒன்றே நெடுங்காலம் கிடையாது. பிரெஞ்சுக்காரர் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 2016 டிசம்பரில்தான் வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களில் அழைக்கப்படுபவர்களையும் சேர்த்து இருளர்களைப் பழங்குடியினராக அறிவித்தார்கள். மாநில எல்லையின் இந்தப் பக்கம் பெண் எடுத்தவர் பழங்குடி, அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர் பழங்குடி இல்லை! எந்த ராஜா, எந்தக் கொடி என்ற 'ஒருவேளை'கள் எல்லாம் அரண்மனைக்காரர்களின் விளையாட்டு. இருளர் வீட்டு அடுப்புக்கு அதனால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி.

பிறந்ததே குற்றம்

ஆங்கில ஆட்சி சிலருக்குச் செய்தது மட்டும் தனிக்கதை. 1871-ல் 'குற்றப் பழங்குடிகள் சட்டம்' என்று ஒன்று வந்தது. ஒரு சாதியில், ஒரு குலத்தில் பிறந்தாலே திருடன் என்று எழுதிவைத்த சட்டம் அது. முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. 1911-ல் விரிவாக்கப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் கைரேகை பதிய வேண்டும். ஊரை விட்டுப் போனால் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போய் உப்பும் தானியமும் விற்ற குறவர்களில் பலர் இப்படித்தான் ஒரே நாளில் சந்தேகக் கேஸ் ஆனார்கள். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் அசீஸ் நகரில், இப்படிப்பட்டவர்களை வைத்துக் கண்காணிக்க ஒரு குடியிருப்பே நடத்தப்பட்டது. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர்.

சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. காகிதத்திலிருந்து போய்விட்டது. காக்கிச் சட்டையின் பழக்கத்திலிருந்து போனதா?

1993-ல் இதே கடலூர் மாவட்டப் பகுதியில், முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர் இனத் தொழிலாளியைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் போலீஸார் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். அவர் மனைவி விடவில்லை. வழக்கறிஞராக இருந்த சந்துரு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். காவலில் அடித்தே கொல்லப்பட்டார் என்ற உண்மை வெளியே வந்தது. வழக்கு 2006 வரை நடந்து, போலீஸார் தண்டிக்கப்பட்டார்கள். 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படத்தின் மூலம் அந்த வழக்குதான். படத்தில் கதை இருளர்களுடையதாக மாற்றப்பட்டிருந்தது. இருளர்களுக்கும் அது அந்நியமான கதை இல்லை. ஊரில் ஒரு திருட்டு நடந்தால், நிலமும் துணைக்கு ஆளும் இல்லாத குடிசையைத்தான் முதலில் தேடிப் போவார்கள் என்பதை அவர்களும் அனுபவித்தவர்கள்.

வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான். 1993-ல் ஸ்டேஷனில் இருந்தவர்கள் யாரும் வெள்ளைக்காரர்கள் இல்லை. கனடாவில், ஆஸ்திரேலியாவில் மன்னிப்புக் கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார் என்பது எளிதாகத் தெரிந்துவிடும். இங்கே இரண்டு பேரும் ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரே கடையில் அரிசி வாங்குகிறவர்கள். அதனாலேயே இங்கே அந்தப் பேச்சு தொடங்குவதே கஷ்டமாக இருக்கிறது.

தில்லை வனத்தில் யார் இருந்தார்கள்?

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். உடைத்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் எரியும். கடல் கழிமுகத்தில் வளரும் சதுப்பு நிலக் காட்டு மரங்களில் அதுவும் ஒன்று. நடராஜர் கோயிலின் தல விருட்சம் அதுதான். தில்லைக் காட்டின் நடுவில் எழுந்த ஊர், காட்டின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இன்று ஊருக்குள் அந்தக் காடு இல்லை. கிழக்கே பிச்சாவரத்தில் அதன் உறவுக்காடு இருக்கிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்து கிடக்கும் அலையாத்திக் காடு. சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் அழகைப் பார்க்க, சனி ஞாயிறுகளில் படகுக்கு வரிசை நிற்கிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற தகுதியையும் பெற்றது.

படகில் போகிறவர்கள் சில நேரம் ஓரமாக ஒரு காட்சியைப் பார்க்கலாம். தண்ணீர் வற்றிய நேரத்தில், கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருப்பார்கள் ஆண்களும் பெண்களும். இரண்டு கைகளும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் பனையோலைப் பறியில் போடுவார்கள். பெரும்பாலும் கைகள்தான் வலை. சேற்றில் இருக்கும் சிப்பி கீறும். கெளுத்தி முள் குத்தும். கிள்ளைப் பகுதியில் வாழும் இருளர்களின் அன்றாடப் பிழைப்பு இது.

காட்டில் வேட்டையாடியும் கிழங்கெடுத்தும் வாழ்ந்த மக்கள், காடு குறைந்ததும் தண்ணீரை நம்பினார்கள். பாரம்பரிய மீனவக் கிராமங்களின் கணக்கில் அவர்கள் மீனவர் இல்லை. வனத்துறையின் கணக்கில் காப்புக்காட்டுக்குள் வருகிறவர்கள். வருவாய்த்துறையின் பதிவேட்டிலோ நெடுங்காலம் பழங்குடியாகவும் இல்லை. மூன்று பதிவேட்டிலும் இடம் இல்லாத மனிதர்கள்.

காட்டைக் கெடுத்தது யார்?

20-ம் நூற்றாண்டில் பிச்சாவரம் காடு பல இடங்களில் பட்டுப்போனது. பச்சைக் காட்டுக்கு நடுவே உப்புப் பூத்த பொட்டல்கள் தெரிந்தன. யார் காரணம்? ஆடு மாடு மேய்ப்பவர்கள், விறகு ஒடிப்பவர்கள், மீனுக்காக உள்ளே போகிறவர்கள் என்று சொல்வது எளிதாக இருந்தது. ஏழைகள்மீது பழி போடுவதற்குச் சாட்சி தேவைப்படுவதில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1990-களில் இதை நேரில் ஆராய்ந்தார்கள். விடை வேறாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பிலும் மரங்களை மொத்தமாக வெட்டுவது என்று ஒரு முறை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் 1970-கள் வரை அதே முறை தொடர்ந்தது. நிழல் போனதும் சேற்று நிலம் வெயிலில் காய்ந்தது. காய்ந்த மண் அமுங்கித் தொட்டி மாதிரி பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர், வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. வருஷத்துக்கு வருஷம் உப்பு ஏற ஏற, விழுந்த விதை எதுவும் முளைக்கவில்லை.

ஆக, காட்டைக் கெடுத்தது விறகுக் கட்டு இல்லை. அதிகாரபூர்வமாகத் திட்டம் போட்டு வெட்டிய கோடரி.

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. தேங்கும் இடத்தில் ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி, அதன் இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரி கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். கடல் நீர் வந்து போக வழி கிடைத்தது. உப்பு கரைந்தது. கன்றுகள் வேர் பிடித்தன. வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களும் சேர்ந்து செய்த இந்த வேலையில், எம்.ஜி.ஆர். நகர் இருளர்களும் வாய்க்கால் வெட்டினார்கள், கன்று நட்டார்கள். காட்டைக் கெடுப்பவர்கள் என்ற சந்தேக வட்டத்துக்குள் இருந்தவர்கள், அதே காட்டை எழுப்பிவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அலையாத்திக் காடு முன்னே நின்ற கிராமங்கள் தப்பித்தன, திறந்த கடற்கரையில் இருந்த ஊர்கள் நொறுங்கின. மரங்களின் இந்தக் காவலைப் பற்றி கடலூர் மாவட்டக் கரையை வைத்துச் செய்த ஆய்வு, மறு வருஷமே 'சயின்ஸ்' இதழில் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன 'ஒருவேளை'யை யோசித்துப் பார்க்கலாம். ராஜாக்களைப் பற்றியது இல்லை. கூப்பு போட்டு வெட்ட வந்த அதிகாரி, கோடரியைக் கீழே வைத்துவிட்டு, சேற்றைத் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், "இங்கே எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும்மா?" என்று கேட்டிருந்தால்? தினமும் அந்தச் சேற்றில் பல மணி நேரம் கையை வைத்திருப்பவருக்கு எது ஓடும் நீர், எது தேங்கும் நீர் என்று தெரியாமல் போகுமா? ஒரு கேள்வி, அரை நூற்றாண்டுப் பொட்டலைத் தவிர்த்திருக்கும். பீரங்கி கேட்காத கேள்வி அது. கூப்பு போட்டவரும் கேட்கவில்லை. வாய்க்கால் வெட்டியபோதுதான் முதன்முறையாகக் கேட்கப்பட்டது.

சட்டம் ஒப்புக்கொண்ட அநியாயம்

இந்தியா தன் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டதா என்றால், கனடா மாதிரி நாடாளுமன்ற உரை எதுவும் இல்லை. ஆனால், பலர் கவனிக்காத ஓர் இடத்தில் அந்த ஒப்புதல் இருக்கிறது. 2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டத்தின் முகவுரை. காலனி ஆட்சியில் மட்டுமல்ல, சுதந்திர இந்தியாவிலும் காடுகளை அரசுடைமையாக்கியபோது வனவாழ் மக்களின் உரிமைகள் சரியாக அங்கீகரிக்கப்படவில்லை என்றும், அது வரலாற்று அநியாயம் என்றும் அந்த முகவுரை சொல்கிறது. ஓர் அரசு தன் கைப்பட எழுதிய ஒப்புதல் வாக்குமூலம் என்றே அதைச் சொல்லலாம்.

அந்தச் சட்டம் நிலத்துக்குப் பட்டா தருவதோடு நிற்கவில்லை. நீர்நிலைகளில் மீன் முதலானவற்றை எடுக்கும் சமூக உரிமையையும் சொல்கிறது. பிச்சாவரம் மாதிரி ஒரு நீர்க்காட்டுக்கென்றே எழுதியது போன்ற வரி அது. ஆனால், தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் உரிமைப் பட்டங்கள் வழங்குவது 2016 வரை முடங்கியே கிடந்தது. சட்டம் வந்து பத்து வருஷம் கழித்துத்தான் கதவே திறந்தது.

இன்னொரு கதவு சாதிச் சான்றிதழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே அறிவித்த ஆறு இனங்களில் அவர்களும் ஒன்று. ஆனால், பழங்குடிச் சான்றிதழை மற்றவர்களைப் போலத் தாசில்தாரிடம் வாங்கிவிட முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்துத் தர வேண்டும். போலிகளைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. நியாயமான காரணம்தான். ஆனால், அப்பாவின் சான்றிதழைக் கொண்டுவா என்றால், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பா எங்கே போவார்? சான்றிதழ் இல்லாமல் ஸ்காலர்ஷிப் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நிற்கும். நின்ற பிள்ளை செங்கல் சூளைக்கோ இறால் தடவவோ போகும். அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் அப்பாவின் சான்றிதழ் இருக்காது.

அன்றைக்குக் கேட்காமலே ஒரு காகிதத்தில் பெயரை எழுதி, குற்றவாளி என்றார்கள். இன்றைக்கு ஒரு காகிதத்தில் பெயரை எழுதச் சொல்லித் தலைமுறையாக நிற்கவைக்கிறார்கள். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிய திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள், வருஷக்கணக்கில் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியது இந்த ஒரு காகிதத்துக்காகவும்தான்.

திருப்பிக் கொடுப்பது

நல்ல உதாரணங்கள் இல்லாமல் இல்லை. பாம்பு பிடிப்பது இருளர்களின் பரம்பரை வித்தை. பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் அந்தப் பிழைப்பு போனது. 1978-ல் செங்கல்பட்டு மாவட்டப் பகுதியில் வடநெம்மேலியை மையமாக வைத்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துத் தயாரிப்புக்கு அந்த விஷம் பெரிய ஆதாரமானது. அந்த வித்தைக்காரர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சட்டம் பறித்த வேலையை, அவர்களின் அறிவையே மூலதனமாக வைத்துத் திருப்பிக் கொடுத்த கதை இது.

பிச்சாவரத்துக்கும் அதே பாதைதான். மாலை மரியாதையோ, பொம்மைக் குடிசை வைத்த பழங்குடி விழாவோ இல்லை. கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல் சின்னது. பிள்ளைக்குக் கேட்ட வருஷமே சான்றிதழ். குடியிருக்கும் மனைக்குப் பட்டா. இறால் தடவும் நீரில் சட்டம் சொன்ன உரிமை. காட்டைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் ஒரு நாற்காலி. இவற்றில் எதற்கும் கடல் கடந்து போய் யாரிடமும் மன்னிப்பு வாங்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட வேண்டிய மேசைகள் கடலூரிலும் சிதம்பரத்திலுமே இருக்கின்றன.

தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு வருகிறவர்கள் மாலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். கோட்டையின் பெரும்பகுதி போய்விட்டது. சுட்ட பீரங்கி இல்லை. சுடச் சொன்ன கம்பெனியும் இல்லை. குண்டு விழுந்த ஊர்களின் பெயர் மட்டும் நிற்கிறது.

தெற்கே பிச்சாவரத்தில் அதே நேரம் நீர் வற்றத் தொடங்கியிருக்கும். பறியை எடுத்துக்கொண்டு யாரோ ஒருவர் சேற்றில் இறங்கியிருப்பார். அந்தத் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்.